உப்புக்காற்றில் நாலு வருஷம்: ராமநாதபுரம் கரையோரத்தில் எந்த கிராபிக்ஸ் கார்டு காசுக்கு நிற்கும்?

பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டிப் பக்கம் மூன்று நாலு வருடம் ஓடிய ஒரு கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது தூசி அல்ல. பின்பக்கத் தகட்டில், எச்டிஎம்ஐ துளையைச் சுற்றிக் காவி நிறத்தில் துரு பூத்திருக்கும். அடுத்தது ஹீட்சிங்க், அதாவது சிப்பின் சூட்டை வெளியேற்றும் தகட்டுத் தொகுதி. அலுமினியத் தகடுகளின் ஓரத்தில் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல் வெள்ளைப் பொடி. ஃபேனை விரலால் சுற்றினால் கரகரவென்று மண் அரைபடும் சத்தம். சிப் மட்டும் அநேகமாகப் பழுதில்லாமல் இருக்கும். இந்தக் கரையில் கார்டு போவது பெரும்பாலும் சிப்பால் அல்ல. ஃபேன் போகும், போர்ட் போகும், கரண்ட் அடித்துப் போகும், சூட்டில் வெந்து போகும்.

அதனால்தான் வீடியோ விமர்சனங்கள் சொல்லும் "ரூபாய்க்கு எத்தனை பிரேம்" என்ற கணக்கு (பிரேம் என்பது ஒரு நொடியில் திரையில் மாறும் படங்கள்) இங்கே பாதிக் கணக்கு. மீதிப் பாதி, அந்தக் கார்டு எத்தனை வருடம் நிற்கும் என்பது. 20,000 ரூபாய்க் கார்டு ஐந்து வருடம் ஓடினால் வருடத்துக்கு 4,000. செகண்ட் ஹேண்டில் 14,000 ரூபாய்க்கு வாங்கியது ஒன்றரை வருடத்தில் படுத்தால் வருடத்துக்கு 9,000க்கு மேல். எது மலிவு என்று இப்போது பாருங்கள்.

இந்தக் கணக்கில் பார்த்தால், 1080பி மானிட்டர் வைத்து விளையாடும் வீட்டுக்குக் காசுக்குச் சரியாக நின்ற கார்டு ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600. 2021 அக்டோபரில் வந்தது, 8 ஜிபி நினைவகம், 132 வாட், ஒரே ஒரு 8 பின் மின் இணைப்பு. அதே காலத்து என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060க்கு 170 வாட் வேண்டும். 1080பி விளையாட்டில் இரண்டுக்கும் பெரிய தூரம் இல்லை, 3060 கொஞ்சம் முன்னால் நிற்கும், அவ்வளவுதான். அந்த 38 வாட் வித்தியாசம்தான் இங்கே பேச வேண்டிய விஷயம். தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் வருடத்துக்குச் சுமார் 70 யூனிட், இரண்டு மாத பில்லில் 12 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. 500 யூனிட் எல்லையை ஒட்டி நிற்கும் வீட்டில் அந்த 12 யூனிட்டும் பெரிசுதான். பில்லைவிட முக்கியம், அந்த 38 வாட் முழுக்கச் சூடாக அதே அறைக்குள் இறங்குகிறது.

விமர்சனக்காரர்கள் கார்டைச் சோதிப்பது 20 முதல் 25 டிகிரி அறையில். சித்திரை, வைகாசியில் ஓடு அல்லது கான்கிரீட் கூரைக்குக் கீழ் மத்தியானம் 36 டிகிரி சர்வசாதாரணம். அறை ஒரு டிகிரி ஏறினால் கார்டும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். அங்கே 68 என்று காட்டியது இங்கே 80ஐத் தொடும். அதைக் கீழே வைத்திருக்க ஃபேன் கூடுதலாகச் சுற்றும், கூடுதலாகச் சுற்றினால் கூடுதல் உப்புக்காற்றை உள்ளே இழுக்கும். குறைந்த வாட் கார்டுக்கு இந்தக் கரையில் கூடுதல் ஆயுள் என்று சொல்வது இதனால்தான்.

3060 எதற்கு நல்லது? பிளெண்டர் போன்ற முப்பரிமாண வேலை, வீட்டிலேயே ஓட்டும் ஏஐ மாடல்கள், இவற்றுக்கு. அதன் 12 ஜிபி நினைவகமும் என்விடியா கார்டுகளுக்கே உரிய கூடா (CUDA) மென்பொருள் வசதியும் அங்கே தனி பலம். அந்த வேலை உண்மையிலேயே இருந்தால் 3060 வாங்குங்கள், பவர் லிமிட்டைக் குறைத்து ஓட்டுங்கள். ஒளியையும் நிழலையும் நிஜம்போல் காட்டும் ரே டிரேசிங்குக்காக இந்த விலையில் எதையும் வாங்க வேண்டாம்.

6600 ஒன்றும் குறையில்லாத கார்டு அல்ல. வீடியோவைச் சுருக்கிப் பதியும் என்கோடரின் தரத்தில் என்விடியாவுக்குப் பின்தான். 2025 அக்டோபரில் ஏஎம்டி இந்தத் தலைமுறையைத் தனி டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) கிளைக்கு மாற்றியது. பிழைத்திருத்தங்கள் வரும், புதுப்புது வசதிகளை எதிர்பார்க்கக் கூடாது. ஸ்டாக் கிடைக்காத கடையில் ஆர்டிஎக்ஸ் 4060 விலை ஒத்துவந்தால் தாராளமாக எடுக்கலாம். 115 வாட், 8 ஜிபி, இந்த வெயிலுக்கு இன்னும் பொருத்தம். ஆர்எக்ஸ் 7600க்கு 165 வாட். வேகம் கூடுதல்தான், ஆனால் கேபினெட்டில் காற்றோட்டம் நன்றாக இருந்தால் மட்டும்.

ஒரு எச்சரிக்கை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற கார்டு மலிவாகக் கண்ணில் படும். 4 ஜிபி நினைவகம், 64 பிட், மதர்போர்டோடு பேச நாலே நாலு லேன், அதாவது தரவுத் தடம். 4 ஜிபி நிரம்பினால் மிச்சம் கம்ப்யூட்டரின் ரேமுக்குப் போய் வர வேண்டும், போய்வரும் பாதையோ ஒற்றையடிப் பாதை. பி450, ஏ520 போன்ற, கார்டு இணைப்பில் பழைய தலைமுறையான பிசிஐஇ 3.0 போர்டில் அந்தப் பாதை இன்னும் பாதியாகும். ஆட்டம் திக்கித் திக்கி நகரும். வீடியோ என்கோடரும் அதில் கிடையாது. தம்பிக்கு விளையாட வாங்கிக் கொடுக்கிறோம் என்று இதை எடுத்துவிடாதீர்கள்.

இனி, கார்டே வேண்டாதவர்கள். டைப்பிங், டிடிபி, கோரல்டிரா, ஆன்லைன் வகுப்பு, யூடியூப், டேலி, இதற்கெல்லாம் தனி கார்டு காசை உப்பில் போடுவது. ரைசன் 5600ஜி போன்ற பிராசஸரில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும். ஒரே 16 ஜிபி ரேமுக்குப் பதில் இரண்டு 8 ஜிபியாகப் போடுங்கள், உள்ளமைந்த கிராபிக்ஸுக்கு அது நேரடியாக வேகம் கூட்டும். ஜிடி 710, ஜிடி 730 என்று பெட்டியில் பளபளவென்று கிடைப்பவை இந்த உள்ளமைந்த கிராபிக்ஸைவிட மெதுவானவை. அந்தத் தலைமுறைக்கு என்விடியா 2021லேயே புது டிரைவரை நிறுத்திவிட்டது.

அலுவலகங்களிலிருந்து கழித்து வரும் சின்ன கேபினெட் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. அதன் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) பெரும்பாலும் 180 முதல் 240 வாட்தான், தனி 8 பின் வயரே வராது. ஸ்லாட் வழியாக மட்டும் 75 வாட் வரை எடுக்கலாம் என்பது பிசிஐஇ விதி. அதற்குள் அடங்கும் கார்டுதான் இதற்கு ஆகும். 2024ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050ன் 6 ஜிபி வகை 70 வாட், தனி வயர் வேண்டாம், உயரம் குறைந்த லோ புரொஃபைல் மாடலும் உண்டு. அதே பெயரில் 8 ஜிபி வகை 130 வாட். பெட்டியில் 6 ஜிபியா 8 ஜிபியா என்று பார்க்காமல் வாங்கினால் வீட்டுக்கு வந்து வயர் தேட வேண்டியிருக்கும். இன்டெல் ஆர்க் ஏ380ம் 75 வாட்தான், ஆனால் ரீசைசபிள் பார் வசதி (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுகுவது) இல்லாத பழைய போர்டில் ஆர்க் கார்டுகள் கணிசமான வேகத்தைத் தொலைக்கும்.

கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்காரர்கள் பிரேம் கணக்கைப் பார்க்கவே கூடாது. உங்கள் கேமரா 10 பிட் 4:2:2 எச்.265 என்ற வீடியோ வடிவில் எழுதுகிறதா என்று முதலில் மெனுவில் பாருங்கள். எழுதினால், ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகளால் அதை வன்பொருளில் பிரிக்க முடியாது. டைம்லைன் இழுபடும், "கார்டு சரியில்லை" என்று பழி அதன்மேல் விழும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்குத்தான் அந்தத் திறன் வந்தது. இன்னொரு வழி மலிவானது. 11ஆம் தலைமுறை முதல் வந்த இன்டெல் பிராசஸரின் உள்ளமைந்த கிராபிக்ஸே அந்த எச்.265 வீடியோவைப் பிரிக்கும். எஃப் என்று முடியும் பிராசஸரில் அது கிடையாது. ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் மிச்சம் என்று எஃப் வாங்கி, பிறகு கார்டுக்குப் பத்தாயிரம் கூடுதலாகக் கொடுப்பது இந்த இடத்தில்தான் நடக்கிறது.

எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படியுங்கள்

கார்டு விலையில் ஐந்தில் ஒரு பங்காவது எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒதுக்குங்கள். பழைய கேபினெட்டோடு இலவசமாக வந்ததில் பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். அதை விட்டுவிட்டு, ஸ்டிக்கரின் கட்டத்தில் +12 வோல்ட் என்ற பத்தியைப் பாருங்கள். அங்கே 14 ஆம்பியர் என்றிருந்தால் 12 x 14 = 168 வாட். கார்டும் பிராசஸரும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டில்தான். ஆர்எக்ஸ் 6600 முழு ஓட்டத்தில் 132, ஐ5 12400எஃப் உச்சத்தில் 117, போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து 50. மொத்தம் 300 வாட் பக்கம், அதாவது 25 ஆம்பியர். 14 ஆம்பியர்ப் பெட்டியில் இதை மாட்டினால் விளையாட்டு தொடங்கிப் பத்து நிமிடத்தில் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். கார்டில் கோளாறு என்று திருப்பிக் கொண்டுபோவார்கள், கடையில் நன்றாக ஓடும். 80 பிளஸ் பிரான்ஸ் சான்றுள்ள 550 வாட் பெட்டியில் 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்கு மேல் வரும். அது போதும்.

8 பின் இடத்தில் மோலெக்ஸ் கன்வர்ட்டர் (பழைய டிஸ்க் வயரை 8 பின்னாக மாற்றும் முனை) போட்டு ஒப்பேற்ற வேண்டாம். அந்த முனைகள் சாதாரண ஊரிலேயே சூடாகும். உப்பு படிந்து தொடுமுனையின் தடை ஏறினால் பிளாஸ்டிக் உருகும்.

எர்த்தைச் சோதியுங்கள். மல்டிமீட்டரை ஏசியில் வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தால் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 30, 60 என்று காட்டினாலும், கேபினெட்டைத் தொட்டால் கையில் சுருக்கென்று குத்தினாலும் எர்த் வேலை செய்யவில்லை. மணல் தரையில் எர்த் கம்பி சீக்கிரம் அரித்துப்போகும், வெயில் காலத்தில் மணல் காய்ந்துவிட்டால் பிடிப்பும் போகும். எர்த் இல்லாத கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ வயர் போட்டு, அந்த டிவியில் மாடி டிஷ் வயரும் இருந்தால், ஐப்பசி இடிமழையில் முதலில் போவது கார்டின் எச்டிஎம்ஐ போர்ட். மழைக்காலத்தில் வேலை முடிந்ததும் பிளக்கோடு அந்த வயரையும் கழற்றி வையுங்கள்.

600 விஏ யுபிஎஸ் என்றால் கையில் கிடைப்பது 360 வாட்தான். விளையாடும்போது கரண்ட் போனால் மானிட்டரும் சேர்ந்து அதை மூச்சுத் திணற வைக்கும், சில நொடியில் பீப் அடித்து அணையும். 1000 விஏ எடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரை நம்பி யுபிஎஸ் இல்லாமல் ஓட்டுவதாக இருந்தால் அது சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும், சுவிட்சை யுபிஎஸ் மோடில் வைக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லி செகண்ட்தான்.

உப்பு எப்படிக் கார்டைத் தின்கிறது

மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு கீழேயே ஈரம் இழுக்கும். கார்டின் மேல் படிந்த உப்புத் தூளும் இதையேதான் செய்கிறது. கடுகைவிடச் சின்ன கெப்பாசிட்டர்களின் இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு நீர்ப்படலம், அதில் உப்பு, அதன் வழியே கசியும் கரண்ட். கார்டு சூடாக ஓடும்போது ஈரம் காய்ந்துவிடும். கெடுதல் நடப்பது அணைத்து வைத்திருக்கும் நேரத்தில். அதனால் தினம் இரண்டு மணி நேரம் ஓடும் கார்டைவிட, பரீட்சை நேரம் என்று இரண்டு மாதம் மூடி வைத்த கார்டு சீக்கிரம் கெடும். ஓட்டாவிட்டாலும் இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை மணி நேரம் போட்டு விடுங்கள்.

இடமும் காற்றும் முக்கியம். அலை உடையும் இடத்திலிருந்து முதல் சில நூறு மீட்டரில்தான் உப்பு அடர்த்தி மிக அதிகம், அதன்பின் வேகமாகக் குறையும். ராமேசுவரம் தீவில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடல் பக்கத்து ஜன்னலும், வாடை இறங்கினால் வடகடல் பக்கத்து ஜன்னலும் உப்பை உள்ளே கொண்டுவரும். இரண்டு பக்கமும் கடல் என்பதால் ஓய்வு மாதம் கிடையாது. கேபினெட்டை ஜன்னலுக்கு நேராக வைக்காமல் உள்சுவரை ஒட்டி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வையுங்கள். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்கவும் பின்னால் ஒன்று வெளியே தள்ளவும் இருந்தால், இடுக்குகள் வழியே வடிகட்டாத காற்று நுழையாது. முன் ஃபேன்களுக்கு நைலான் வலை போடுங்கள். நுண்ணிய உப்பை அது நிறுத்தாது, மணலையும் பெரிய துகளையும் நிறுத்தும்.

ஏசி அறையில் இன்னொரு ஆபத்து. 22 டிகிரியில் குளிர்ந்திருக்கும் அறையில் ஏசியை அணைத்த கையோடு ஜன்னலைத் திறந்தால், வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த உலோகத்தில் பனித்துளியாக இறங்கும், சோடா பாட்டில் வியர்ப்பதுபோல. அரை மணி நேரம் கழித்துத் திறங்கள்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியவை சில. ஃபேன் டூயல் பால் பேரிங்கா என்று விவரக் குறிப்பில் தேடுங்கள், ஸ்லீவ் பேரிங் இங்கே சீக்கிரம் கரகரக்கும். ஒற்றை ஃபேன் குட்டி மாடல் 100 வாட்டுக்கு மேல் வேண்டாம். ஹீட்சிங்கில் செப்புக் குழாய் ஓடுகிறதா, அது நிக்கல் பூசியதா என்று பாருங்கள். பூசாத செப்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு நீர் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். சீரோ ஃபேன் வசதி இங்கே நல்லதே, சும்மா இருக்கும் நேரத்தில் காற்றை இழுக்காது. பயன்படுத்தாத போர்ட்களுக்கு ரப்பர் மூடி சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதைப் போட்ட போர்ட்டும் போடாத போர்ட்டும் இரண்டு வருடம் கழித்து ஒரே கார்டில் பக்கத்துப் பக்கத்தில் எப்படி இருக்கின்றன என்று பார்த்தால் வேறு விளக்கமே வேண்டாம்.

சுத்தம் செய்வது

நாலு மாதத்துக்கு ஒருமுறை, வெயில் அடிக்கும் காய்ந்த நாளில். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி மிச்சக் கரண்ட்டை வடிய விடுங்கள். ஸ்லாட்டின் கடைசியில் உள்ள கொக்கியை அழுத்திக்கொண்டே கார்டை நேராக மேலே எடுங்கள். கொக்கியை மறந்து இழுத்தால் ஸ்லாட் பெயரும். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தகடுகளின் நீளவாக்கில் தூசியைத் தள்ளுங்கள். புளோயர் அடித்தால் ஃபேன் சுழலக் கூடாது, வேகமாகச் சுழன்றால் பேரிங்கும் போகும், ஃபேன் ஜெனரேட்டராகி போர்டுக்குள் கரண்ட்டை அனுப்பும்.

இங்கே எல்லோரும் செய்யும் ஒரு தவறு. 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மட்டும் வைத்துத் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு போகும், உப்பு போகாது. உப்பு அதில் கரைவதில்லை. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் காது குடையும் பட்ஸை நனைத்துப் பிழிந்து, வெள்ளை படிந்த இடத்தை முதலில் ஒற்றுங்கள். பிறகு 99 விழுக்காடு ஆல்கஹாலால் துடைத்தால் அந்த ஈரத்தையும் அது இழுத்துக்கொண்டு ஆவியாகும். அரை நாள் ஃபேன் காற்றில் காயவிட்டு மாட்டுங்கள். போர் தண்ணீர், கேன் தண்ணீர் இரண்டும் வேண்டாம். ஸ்லாட்டில் உட்காரும் தங்க முனையை ரப்பரால் தேய்க்கும் பழக்கத்தை விடுங்கள், மெல்லிய தங்கப்பூச்சு உரிந்துவிட்டால் அதன்பின் உப்பைத் தடுக்க ஒன்றுமில்லை. ஈரமான காலையில் முதல் முறை டிஸ்ப்ளே வராமல் மூன்றாம் முறை வருகிறதென்றால், பெரும்பாலும் இந்த முனையில்தான் கோளாறு. ஆல்கஹால் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்தாலே சரியாகிவிடும்.

சிப்பிலிருந்து ஹீட்சிங்குக்குச் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை வாரண்டி முடியும்வரை தொடாதீர்கள். மூன்றாம் வருடம் ஹாட்ஸ்பாட் சூடு (சிப்பின் மிகச் சூடான புள்ளியின் சூடு), சாதாரண சூட்டைவிட 25, 30 டிகிரி மேலே போனால் மாற்றும் நேரம். ஜிபியு-இசட், எச்டபிள்யு இன்ஃபோ என்ற மென்பொருள்கள் இரண்டிலும் அது தெரியும். நாலு ஸ்பிரிங் திருகையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். நினைவகச் சிப்மேல் இருக்கும் பேட் கிழிந்தால் அதே தடிமனில் வாங்குங்கள். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 2 வைத்தால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே இடைவெளி விழும், பேஸ்ட் மாற்றிய பிறகு சூடு கூடிப்போச்சு என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

மென்பொருளில் செய்ய வேண்டியது இரண்டுதான். 75 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 75க்கு மேல் பிரேம் தேவையில்லை, டிரைவரிலேயே கட்டிப் போடுங்கள். இதுவே லேசான ஆட்டங்களில் பாதி வாட்டைக் குறைக்கும். அடுத்து அண்டர்வோல்ட், அதாவது கார்டுக்குப் போகும் வோல்ட்டேஜைக் குறைப்பது. 6600ல் அட்ரினலின் மென்பொருளில் வோல்ட்டேஜை 25 மில்லிவோல்ட் வீதம் இறக்கி, ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் கனமான ஆட்டம் ஓட்டிப் பாருங்கள். தொங்கினால் ஒரு படி ஏற்றி நிறுத்துங்கள். 3060ல் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 75 விழுக்காட்டுக்கு இறக்கினால் 128 வாட் பக்கம் வரும். பிரேம் இழப்பு ஒற்றை இலக்க விழுக்காடுதான், ஃபேன் சத்தம் நன்றாகவே அடங்கும்.

பழைய கார்டு வாங்குவோருக்கு. 2022 செப்டம்பர் 15ல் ஈத்தரியம் மைனிங் (கார்டை ஓட்டி அந்தக் கிரிப்டோ நாணயத்தை ஈட்டும் வேலை) நின்றபின் ஏராளமான கார்டுகள் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியதைவிட, கடற்கரை வீட்டில் மூடிக் கிடந்ததைக் கண்டு இங்கே பயப்பட வேண்டும். பின் தகட்டின் திருகுத் தலையையும் போர்ட் உள்பக்கத்தையும் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். துரு இருந்தால் விலை பேசவே வேண்டாம். ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்பது பெயரில் 580, உள்ளே 570. பழைய சிப்புக்கு 1050 டிஐ என்று பெயர் மாற்றி விற்பதும் உண்டு, ஜிபியு-இசட் காட்டிக்கொடுத்துவிடும். உண்மையான 1050 டிஐ, 1060 போன்ற பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்கும் ஆட்டங்களுக்கான புது டிரைவர் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது.

வாரண்டி விதிகளைப் படித்தால் பல நிறுவனங்கள் துரு, அரிப்பு இரண்டையும் விலக்கி வைத்திருப்பது தெரியும். மூன்று வருட வாரண்டி இருந்தும், பின் தகட்டில் பொட்டுத் துருவைக் காட்டித் திருப்பி அனுப்பினால் மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்பிய கூரியர் காசும் போச்சு. இந்தக் கரையில் வாழ்கிறவர்களுக்கு அது நியாயமே இல்லாத விதி. அதனால் வாங்கிய அன்றே தகடு, போர்ட், தங்க முனை, சீரியல் எண் நாலையும் தெளிவாகப் படமெடுத்து வையுங்கள். ஜிஎஸ்டி பில், பெட்டி, ஆன்டிஸ்டாடிக் உறை, ஸ்பான்ஜ் எதையும் தூக்கிப் போடாதீர்கள். கார்டைக் கழற்றி வைக்கும் காலம் வந்தால் அந்த உறைக்குள் போட்டு, இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, பீரோ மேல்தட்டில் வையுங்கள்.